ஆலை இருந்த மலையில் ஓடைக்கரையைச் சீரமைக்க வந்தவர்களோடு

கொடைக்கானலிலிருந்து:

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் சிலரைப் போன மாதம் பாம்பார் ஓடை இறங்கும் சோலைக்காட்டுப் பக்கம் கூட்டிப் போனேன். ஆலைகள் மூடிய நிலத்தையும் ஆற்றங்கரையையும் மறுபடி மக்கள் புழங்கும் இடமாக்குவதுதான் அவர்களுடைய பாடம். கையில் ஷாங்காய் ஹௌடான் பூங்காவின் படங்கள். ஹுவாங்பு ஆற்றங்கரையில் இரும்பு ஆலையும் கப்பல் தளமும் இருந்த நிலத்தில், 2010 உலகக் கண்காட்சிக்காக நிலவடிவமைப்பாளர் யு கோங்ஜியானின் குழு அதை அமைத்தது. கான்கிரீட் வெள்ளச் சுவரை எடுத்துவிட்டுக் கல்லும் நாணலுமாகக் கரை போட்டார்கள். உள்ளே 1.7 கிலோமீட்டர் நீளத்துக்குச் சதுப்பு. நாளொன்றுக்கு சுமார் 2,400 கன மீட்டர் ஆற்றுநீர் அதன் வழியே ஓடியே சுத்தமாகிறது. பார்க்கவே ஆசையாக இருந்தது.

"இதையே இந்த ஓடையில் செஞ்சா என்னண்ணா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

மேலே இருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரும் எங்களோடு வந்திருந்தார். 2001இல் மூடப்பட்ட ஆலை அது. அவர் ஒரு மரத்தண்டில் மொத்தமாகப் படர்ந்திருந்த பாசியை விரலால் நீக்கிக் காட்டினார். "இந்தப் பாசியே பாதரசத்தை இழுத்து வச்சிருக்குன்னு ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்கம்மா. மண்ணுல இருக்காதா?"

சதுப்புக்கும் பாதரசத்துக்கும் ஆகவே ஆகாது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றிவிடும். அது மீனில் சேரும், மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். ஷாங்காயில் நீரைச் சுத்தமாக்கும் அதே சேறு இங்கே நஞ்சைக் கூட்டிவிடும். பாம்பாரும் இங்கேயே நிற்கிற தண்ணீர் இல்லை, கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிறது.

2003இல் அந்த ஆலையின் பாதரசக் கழிவு 290 டன் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. மண் அங்கேயேதான் இருந்தது. அதைத் தோண்டிக் கழுவலாம் என்றால் சரிவில் நிற்கும் மரங்களை வெட்ட வேண்டும். வேர் போனால் அடுத்த மழையில் அந்த மண்தான் முதலில் ஓடைக்கு இறங்கும். சமவெளியில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. எதை நடுவது என்று யோசிக்கும் முன்னால், மண்ணில் என்ன இருக்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்தாக வேண்டும் என்று அவர்களிடம் சொன்னேன்.

குன்னூரிலிருந்து:

நீங்கள் சொல்வது ரொம்பச் சரிண்ணா. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது பீஷான் பூங்காவுக்கு அடிக்கடி போவேன். கல்லாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து, வளைந்து ஓடும் ஆறாக 2012இல் திறந்தார்கள். உடைத்த கான்கிரீட்டில் ஒரு பங்கை அங்கேயே குன்றாகக் குவித்திருக்கிறார்கள். சாயங்காலம் குழந்தைகள் தண்ணீரில் இறங்கி விளையாடுவார்கள். பெரிய மழை வந்தால் சைரன் ஒலிக்கும், எல்லாரும் மேலே ஏறிவிடுவார்கள், புல்வெளி முழுக்க ஆறாகும். அவ்வளவு அகலம் இருந்ததால்தான் அது முடிந்தது.

எங்கள் குன்னூர் மார்க்கெட் வழியாக ஓடும் ஆற்றுக்கு ஏது அகலம்? இரண்டு பக்கமும் சுவர், சுவருக்கு மேலே கடைகளின் பின்பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும் வேகத்தில் நாணல் நட்டாலும் நிற்காது. அதனால் எங்கள் ஆற்றங்கரை வேலை ஊருக்கு மேலேயே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். பள்ளத்தாக்குச் சதுப்புகளை வடித்து கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுவதை நிறுத்தினால், அங்கே தங்கிய மழை மெதுவாக இறங்கும். அப்புறம் மார்க்கெட் சுவரைப் பற்றிப் பேசலாம். அந்தப் பிள்ளைகள் கடைசியில் என்னதான் வரைந்தார்கள்?

கொடைக்கானலிலிருந்து:

சதுப்பை எடுத்துவிட்டார்கள் தங்கச்சி. சரிவுக்குக் குறுக்கே வண்டல் பிடிக்கும் தடுப்புகள், இடையில் சோலை மரக்கன்றுகள், இருக்கிற மரம் ஒன்றையும் தொடாத நடைபாதை என்று மாற்றியிருக்கிறார்கள். மழை முடிந்ததும் தடுப்பில் சேரும் வண்டலைப் பரிசோதிக்க எவ்வளவு செலவாகும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.