எங்கே ஒடியும்னு முன்னாலேயே சொல்லு: பள்ளிப் பிள்ளைகளின் டிசைன் போட்டி அனுபவங்கள் பற்றி மூன்று ஊர்க்காரர்கள் எழுதியவை

ஆரியங்காவு, கொல்லம் மாவட்டம்:

எங்க பிள்ளைகளுக்குப் பாலம் புதுசில்ல. கழுதுருட்டியில பதிமூணு கண் ரயில் பாலத்த ஒட்டித்தான் பஸ் போகும். புனலூர்ல கல்லடையாத்து மேல 1877-ல முடிச்ச தூக்குப்பாலம் இன்னும் நிக்குது. ஆறு யானைய மேல நடக்கவிட்டு, கட்டின இன்ஜினியர் ஆல்பர்ட் ஹென்றி கீழ படகுல இருந்தாராம். ஊர்ப்பேச்சுதான், ஆனா பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

போன மழைக்காலத்துல ஒரு பயிலரங்கத்துல ஐஸ் குச்சிப் பாலம் போட்டி. தாங்கின எடைய பாலத்தோட சொந்த எடையால வகுத்தா வர்றதுதான் மார்க். அதனால பசைய அள்ளிப் பூசினா நமக்குத்தான் நஷ்டம். போதாததுக்கு அந்த ஈரத்துல பசை காயவே இல்ல. ஒவ்வொரு மூட்டுக்கும் துணிக்கிளிப் மாட்டி ராத்திரி முழுக்க அடுப்படியில வச்சாங்க.

பாலத்தோட ரெண்டு பக்கச் சட்டத்துலயும் மேல நீளமா ஓடுறது மேல்கட்டை, அடியில ஓடுறது கீழ்க்கட்டை. எங்க குழு கீழ்க்கட்டைய ரெண்டடுக்கா ஒட்டிச்சு. "பாரம் கீழதானே தொங்குது சார்"னு காரணமும் சொன்னாங்க. ஒத்திகையில வாளிய மாட்டி மக்கால மணல் போட்டோம். மேல்கட்டை பக்கவாட்டுல வில்லா வளைஞ்சு டக்குனு போச்சு. கீழ்க்கட்டைக்கு ஒரு கீறல் இல்ல. எட்டாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு துண்டுகளப் பொறுக்கிப் பாத்துட்டு, "மூட்டு எல்லாம் நல்லாருக்கு சார், குச்சி நடுவுலதான் ஒடிஞ்சிருக்கு"ன்னா. விஷயம் அதேதான். கீழ்க்கட்டைய இழுக்குது, இழுபடுற குச்சி வளையாது. மேல்கட்டைய அமுக்குது, அமுக்கினா மெலிசான நீளக் குச்சி வளைஞ்சிடும். நடுவுல ஒரு இடத்துல அசையாம பிடிச்சுக்கிட்டா பாதி நீளம் ஆகுது, வளைய நாலு மடங்கு பாரம் வேணும். கீழ ஓரடுக்க உரிச்சு, அந்தக் குச்சிகளாலயே ரெண்டு மேல்கட்டைக்கும் நடுவுல குறுக்குக் கட்டினாங்க. சொந்த எடை ஏறல, வாளியில மணல் நல்லாவே ஏறிச்சு.

போட்டியன்னிக்கு நடுவர் பாரம் ஏத்துறதுக்கு முன்னாலேயே "எங்கே ஒடியும், விரல் வச்சுக் காட்டு"ன்னார். காட்டின இடத்துலயே ஒடிஞ்சா தனி மார்க். இது இல்லாத போட்டிக்குப் பிள்ளைகள அனுப்ப எனக்கு இஷ்டமே இல்ல.

நகரி, ஆந்திரா:

இங்க எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் பார்வையற்றோருக்கான, எதிர்ல ஏதாவது இருந்தா சத்தம் போடுற சென்சார் கைத்தடி ஒண்ணாவது இருக்கும். நானும் சலிச்சுத்தான் போயிருந்தேன். அல்ட்ராசோனிக் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலிய அனுப்பும், அது பட்டுத் திரும்புற நேரத்த வச்சு தூரம் கணக்காகும். சுவத்துக்கு முன்னால எல்லாத் தடியும் கச்சிதமா கத்தும். எங்க பையன் ஒருத்தன் வீட்டு விசைத்தறிக் கூடத்துலயே நடந்து பாத்திருக்கான். தொங்குற சேலை, பாவு நூல் பக்கம் போனா தடி ஊமை. மெத்துனு இருக்கற துணி ஒலிய உள்வாங்கிடுது, எதிரொலி சரியா வர்றதில்ல. சாய்ஞ்ச பலகையும் அப்படித்தான், ஒலிய வேற பக்கம் தள்ளிடும். அவன் பொருள்வாரியா ஒரு பட்டியல் போட்டு தடிக்குப் பக்கத்துலயே ஒட்டிட்டான். ஓடாத இடத்த எதுக்குக் காட்டுறேன்னு வீட்டுல திட்டு. நடுவர்கள் அந்தப் பட்டியல் முன்னாலதான் ரொம்ப நேரம் நின்னாங்க. பரிசு வேற ஸ்டாலுக்குப் போச்சு, அது வேற கதை.

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு:

அப்பா செஞ்சதா பிள்ளை செஞ்சதான்னு கண்டுபிடிக்க "எங்கே ஒடியும்"ங்கற அந்தக் கேள்வி போதும்ங்க. அப்பா செஞ்சதா இருந்தா "ஒடியவே ஒடியாது சார்"னு பதில் வரும். அப்புறம், ஆரியங்காவு அண்ணா, குச்சி எங்க வாங்குனீங்க? இங்க பாக்கெட்ல பாதி கோணலா வருதே.

ஆரியங்காவு:

ஸ்டேஷனரிக் கடைதான் தம்பி, எங்கயும் அப்படித்தான் வரும். கண்ணாடி மேல வச்சு புரட்டிப் பாருங்க. நேரா இருக்கறது மேல்கட்டைக்கு, லேசா கோணினது கீழ்க்கட்டைக்கு. ரொம்ப முறுக்கினத பசை கலக்க வச்சுக்குங்க.