சிக்டெர்முக்கு அசையாத ப்ராசஸ்: சிக்னல் மாஸ்க்கில் நீங்கள் பட்ட அனுபவம் என்ன?

நான் எழுதிய மேற்பார்வை நிரல் ஒன்று பல சைல்ட் ப்ராசஸ்களை (தனக்குக் கீழ் ஓடும் நிரல்களை) கிளப்பும், வேலை முடிந்ததும் சிக்டெர்ம் என்ற, நிற்கச் சொல்லும் சிக்னலை அனுப்பி நிறுத்தும். ஒரு நாள் எதுவுமே நிற்கவில்லை. பிளாக் செய்யவே முடியாத கில் -9 போட்டால்தான் போனது. அதே சைல்ட் நிரலை டெர்மினலில் தனியாக ஓட்டினால் சிக்டெர்முக்கு ஒழுங்காக அடங்குகிறது! அதில் சிக்னல் ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) என்று ஒரு வரிகூடக் கிடையாது. பிழையை எங்கே போய்த் தேடுவது?

மூன்று நாள் கழித்து, லினக்ஸின் ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தேன். பிளாக் ஆன, அதாவது வந்தாலும் நிறுத்திவைக்கப்படும், சிக்னல்களைக் காட்டும் வரியில் 4000 என்று இருந்தது. ஹெக்ஸ் (16 அடிமான) எண் அது, வலமிருந்து எண்ணினால் 15ஆவது பிட். சிக்டெர்மின் எண்ணும் 15. நிலுவையில் உள்ளவற்றைக் காட்டும் வரியிலும் அதே 4000. ஆக, சிக்னல் வந்து சேர்ந்திருக்கிறது, உள்ளே விடத்தான் ஆளில்லை.

காரணம் என் பேரன்ட் நிரல். ப்ராசஸ் பட்டியலைத் திருத்தும்போது குறுக்கீடு வரக்கூடாது என்று சிக்டெர்மை பிளாக் செய்துவிட்டு, அந்த இடைவெளியிலேயே ஃபோர்க் (சைல்டை உருவாக்கும் அழைப்பு) செய்திருக்கிறேன். எவையெல்லாம் பிளாக் என்ற பட்டியல்தான் மாஸ்க், ஃபோர்க்கில் அது அப்படியே சைல்டுக்குப் போகும். எக்ஸெக் செய்தால் (சைல்டில் வேறு நிரலை ஏற்றினால்) ஹேண்ட்லர்கள் பழைய நிலைக்குத் திரும்பும், மாஸ்க் திரும்பாது. எக்ஸெக்குக்கு முன்னால் சைல்டில் பழைய மாஸ்க்கை வைக்கும் ஒரே வரி போதுமாக இருந்தது.

மாஸ்க்கை மாற்றும் சிக்ப்ராக்மாஸ்க்கின் மூன்றாவது ஆர்குமென்ட்டில் பழைய மாஸ்க் கிடைக்கும். அங்கே நல் (வெற்று மதிப்பு) கொடுப்பதை தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

— — —

அந்தக் கடைசி வரியை நான் வேறு வழியில் கற்றேன். என் லைப்ரரி ஃபங்ஷன் ஒன்று தொடக்கத்தில் சிக்இன்ட்டை (கன்ட்ரோல் சி அழுத்தினால் வரும் சிக்னலை) பிளாக் செய்யும், முடிவில் அன்பிளாக் செய்யும். அதை அழைத்த நிரலோ கோப்பு எழுதுவதற்காக ஏற்கெனவே சிக்இன்ட்டை பிளாக் செய்து வைத்திருந்தது. என் ஃபங்ஷன் திரும்பியபோது கதவு திறந்துவிட்டது. யாரோ கன்ட்ரோல் சி அழுத்த, கோப்பு பாதியில் நின்றது. இப்போதெல்லாம் அன்பிளாக் செய்வதே இல்லை, சேமித்த மாஸ்க்கை சிக்_செட்மாஸ்க் கொண்டு திரும்ப வைக்கிறேன்.

— — —

எனக்குச் சிக்கல் தந்தது சிக்சைல்ட், சைல்ட் முடிந்ததும் பேரன்ட்டுக்கு வரும் சிக்னல். பிளாக் செய்திருந்த நேரத்தில் ஐந்து சைல்ட் ப்ராசஸ்கள் முடிந்தன. திறந்ததும் ஹேண்ட்லர் ஒரே முறைதான் ஓடியது, நான்கு ஸாம்பிகள் (முடிந்தும் ப்ராசஸ் பட்டியலிலிருந்து நீங்காதவை) மிச்சம். சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்காது, ஐந்து வந்தாலும் ஒன்றாகிவிடும். அப்புறம் ஹேண்ட்லருக்குள் முடிந்த சைல்டை அகற்றும் வெயிட்பிட்டை, காத்திருக்காமல் திரும்பும் நோஹேங் விருப்பத்தோடு, இனி எதுவும் இல்லை என்று அது சொல்லும்வரை லூப்பில் அழைத்தேன்.

— — —

சிக்னலுக்காகக் காத்திருக்கும் இடத்தில் அன்பிளாக் செய்துவிட்டு அடுத்த வரியில் பாஸ் (சிக்னல் வரும்வரை தூங்கும் அழைப்பு) அழைப்பவர்கள் கவனியுங்கள். அந்த இரண்டு வரிக்கும் நடுவே சிக்னல் வந்துபோனால் பாஸ் தூங்கிக்கொண்டே இருக்கும். எனக்கு அது எப்போதாவது ஒரு முறைதான் நடந்தது, அதனால்தான் பிடிபட அவ்வளவு நாள் ஆனது. சிக்சஸ்பெண்ட் இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும்.