லக் துளை, ஒளிப்பூச்சு: இரண்டிலும் சிக்கி நிற்கிறேன்

வணக்கம். 1960களின் முக்குளிப்புக் கடிகாரங்களின் சாயலில் ஒரு கடிகாரத்தை வீட்டிலேயே மாற்றியமைத்துக்கொண்டிருக்கிறேன். இயந்திரத்தைக் கழற்றிப் பத்திரமாக மூடி வைத்துவிட்டேன். இப்போது கையில் இருப்பது வெறும் கூடு.

பட்டையைப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பியின் முனை அமரும் குழி, பழைய கடிகாரங்களைப் போல லக்கின் (பட்டை மாட்டக் கூட்டிலிருந்து நீளும் கொம்பின்) வெளிப்பக்கம்வரை திறந்திருக்க வேண்டும் என்பது ஆசை. உள்ளிருந்து துளைக்க எதிர் லக் வழிவிடாது. வெளியிலிருந்து துளைத்தால் உள்குழியோடு நேர்க்கோட்டில் சேர வேண்டும். அந்தப் புள்ளியை எப்படிக் குறிக்கிறீர்கள்? கூடு 316எல் எஃகு. அழுத்தம் குறைந்து துளையிடும் அலகு வெறுமனே உரசினால் அந்த இடமே இறுகிவிடுகிறது. அழுத்தினாலோ 0.9 மி.மீ. அலகு முறிகிறது. இரண்டு போய்விட்டன. கோபால்ட் அலகை விட்டு கார்பைடுக்கு மாறலாமா, கைத்துரப்பணத்தில் அது நொறுங்கிவிடுமா?

அடுத்தது முட்களின் ஒளிப்பூச்சு. இருட்டில் ஒளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பொடியை வார்னிஷில் குழைத்துப் பூசுகிறேன். பழுப்பேறிய நிறத்துக்காக நிறமி சேர்த்தால் ஒளி மங்குகிறது. வெள்ளையாக விட்டால் நேற்று வாங்கியதுபோல் இருக்கிறது. எவ்வளவு சேர்ப்பது? மெல்லிய முள்ளில் பொடி திரளாமல் பூசுவது எப்படி?

பழைய அசல் முட்களைச் சுரண்டி ஒட்டச் சொல்லாதீர்கள். அவற்றின் பூச்சில் இருக்கக்கூடிய ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். ஒளி செத்தாலும் கதிர்வீச்சு போகாது. அந்தத் தூசி என் மேசைக்கு வேண்டாம்.