நோட்டர் டேம் 1956: பத்து ஆட்டம், எட்டுத் தோல்வி

சவுத் பெண்ட் வாசி:

இந்த ஊரில் வீடு எடுத்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது இங்கே இருக்கிற நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கதை ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டார். (நம்ம ஃபுட்பால் இல்லை, கையில் பந்தோடு ஓடி மோதுகிற அமெரிக்க ஃபுட்பால்.) எனக்கு வாய்த்தவர் 1956-ல் அங்கே மாணவர். ஜெயித்த வருஷங்களை எல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு வருஷத்தைத்தான் பேசுவார்.

அந்த வருஷம் அணி ஜெயித்தது இந்தியானா, நார்த் கரோலினா பல்கலைக்கழக அணிகளை மட்டும். அக்டோபரில் மிச்சிகன் ஸ்டேட் 47-14 என்று அடித்தது. அடுத்த சனிக்கிழமை ஓக்லஹோமா வந்து 40-0. இரண்டும் சொந்த மைதானத்தில். அந்த 40-0 அன்று மாணவர்கள் கடைசி நிமிஷம் வரை எழுந்து போகவில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை, பாருங்கள்!

கோச் டெர்ரி பிரென்னனுக்கு அப்போது 28 வயதுதான். முந்தைய கோச் ஃபிராங்க் லேஹி மாதிரி ஒரு ஜாம்பவானின் நாற்காலியில் 25 வயதில் உட்கார வைத்தார்கள். முதல் இரண்டு வருஷம் 9-1 (ஒன்பது வெற்றி, ஒரு தோல்வி), 8-2 என்று நன்றாகத்தான் போனது. ஆட்டக்காரர்களுக்கான உதவித்தொகை இடங்களைப் பல்கலைக்கழகம் குறைத்ததன் பலன் அப்புறம்தான் தெரிந்தது என்பது பெரியவர் கட்சி. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

சிரக்யூஸ்காரன்:

அண்ணே, முக்கியமானதை விட்டுட்டீங்களே. அந்த 2-8 அணியின் பால் ஹார்னங்குக்குத்தான் அந்த வருஷ ஹைஸ்மன் கோப்பை, அதாவது சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது! ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற அணியிலிருந்து அதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். எங்க சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கறுப்பின வீரர் ஜிம் பிரவுனுக்கு அந்த ஓட்டெடுப்பில் ஐந்தாவது இடம். என்னோடு வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெரியவரிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே போதும், சாப்பாட்டு நேரம் முழுக்க அதுதான். நிறம் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்பார். ஹார்னங் வீசிய பந்தில் டச்டவுன் (எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) மூன்று, எதிரணி பிடித்தது பதிமூன்று. நீங்களே சொல்லுங்கள்.

சவுத் பெண்ட் வாசி:

பிரவுன் விஷயத்தில் உங்கள் நண்பர் பக்கம்தான் நானும். ஆனால் ஹார்னங்கை அந்த ஒரு கணக்கை வைத்து எடைபோட முடியாது தம்பி. ஓட்டம், வீச்சு, புள்ளிகள் மூன்றிலும் அணியில் முதல் அவர்தான். தடுப்பாட்டமும் ஆடினார், பந்தையும் உதைத்தார். கட்டைவிரலில் அடிபட்டு வீச முடியாத நிலையில் கடைசி ஆட்டத்தில் யு.எஸ்.சி.க்கு (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) எதிராக 95 கஜம் ஓடி டச்டவுன் போட்டார். அதிலும் தோல்விதான், 28-20.

அப்புறம் 1957 நவம்பர் 16. ஓக்லஹோமா தொடர்ந்து 47 ஆட்டம் ஜெயித்திருந்த நேரம். நார்மனில் அவர்கள் மைதானத்திலேயே இதே பிரென்னனின் அணி 7-0 என்று முடித்து வைத்தது. அடுத்த வருஷம் 6-4. டிசம்பரில் அவரை வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் பெரியவர் பேச்சை மாற்றிவிடுவார்.