பெரிய வீடு குடும்பக் குழு: 30-ஆம் திகதி யார் தோழன்?

21 ஆகஸ்ட் 2025, வியாழன்

நான்: குட்டனுக்கு சட்பரி ஐஸ் ஹொக்கி அணியில் இருந்து மெயில் வந்திருக்கிறது. ஓ.எச்.எல். (ஒன்ராறியோ இளையோர் லீக்) பயிற்சி முகாம் 28 முதல் 31 வரை. பெரியக்கா மகளின் கலியாணம் 30. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எல்லாரும் சொல்லுங்கோ.

பெரியக்கா: 30 ஆ?

பெரியக்கா: பொம்பிளைக்குத் தம்பி முறை, குட்டன்தானே தோழன்

அம்மா யாழ்ப்பாணம்: (படம்) நல்லூரான் தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டது. எல்லாருக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

மச்சாள்: முருகா 🙏

அத்தான்: மெயில் எப்போது வந்தது?

நான்: நேற்று இரவு அத்தான்

அத்தான்: கலியாணத் திகதி மாசியிலேயே சொன்னது.

சின்னண்ணை: அத்தான், கோபிக்காமல் கேளுங்கோ. ஆனியில் அணிகள் முறை வைத்துப் பிள்ளைகளை எடுத்த தெரிவில் 15 சுற்று. எங்கட பிள்ளையை எடுத்தது 13-ஆம் சுற்றில். முதல் சுற்றுப் பிள்ளை ஒரு நாள் வராவிட்டாலும் அவனுக்கு இடம் இருக்கும். 13-ஆம் சுற்றுப் பிள்ளையை முகாமில்தான் பார்ப்பார்கள். அதுவும் கோலிக்கு. ஒரு அணியில் இரண்டு கோலிதான்.

அம்மா யாழ்ப்பாணம்: கோலி கிரிக்கெட் அல்லவா

மச்சாள்: மாமி, இது கோல் காக்கிறவர் 😀

அத்தான்: நான் கலியாணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த முகாமில் 48 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் விளையாட விடமாட்டார்கள். என்னோடு வேலை செய்கிறவரின் மகனுக்கு அப்படித்தான் போனது.

சின்னண்ணை: அது பழைய சட்டம் அத்தான். போன கார்த்திகையில் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுச் சபை என்.சி.ஏ.ஏ. மாற்றிவிட்டது. இந்த ஆகஸ்ட் 1-இல் இருந்து நடைமுறை. யூகொன் பொடியன் கேவின் மக்கென்னா இதே மாதிரிக் கனடா இளையோர் லீக்கில் மெடிசின் ஹட் அணிக்கு விளையாடிவிட்டுத்தான் இப்போது அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போகிறான். முகாமுக்குப் போனால் அணியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் இல்லை.

அத்தான்: அப்படியா. அது எனக்குத் தெரியாது.

நான்: எடுத்தால் அங்கேயே வேறு ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டுமாம். 16 வயது. சோறு இல்லாமல் இருக்கமாட்டான்.

பெரியக்கா: அதுதான் எனக்கும்

அம்மா யாழ்ப்பாணம்: யாருடைய வீட்டில்? எங்கட ஆட்களா?

சின்னண்ணை: அது எடுத்த பிறகு யோசிக்கிற விஷயம். ஒரு சீசனுக்கு 68 ஆட்டம், பனிக்குள் பஸ் பயணம், பள்ளிக்கூடமும் அங்கேயே. கஷ்டம்தான், மறைக்கவில்லை. விளையாடுகிற ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் படிப்புச் செலவு தருவார்கள். அதோடு இந்த வருடமே எடுப்பார்கள் என்றும் இல்லை. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அதுவும் நல்லதுதான்.

பெரியக்கா: ரோல்ஸ் 400 சொல்லவா 500 சொல்லவா? கேட்டரிங் ஆள் கேட்கிறார்

மச்சாள்: 500. போன முறை மாப்பிள்ளை பகுதிக்குக் காணாமல் போனது

அத்தான்: போன முறைக் கதை இப்போது வேண்டாம்.

சின்னண்ணை: கோலிக்கு அவசரம் கூடாது, அதைச் சொல்லத்தான் வந்தேன். ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோலி, எங்கட பிள்ளையார் கோயில் இருக்கிற ரிச்மண்ட் ஹில்லில் பிறந்தவர். ஓவன் சவுண்டில் ஓ.எச்.எல். விளையாடினார். 2011-இல் எல்லாவற்றுக்கும் மேலான லீக், என்.எச்.எல்., தெரிவில் மூன்றாம் சுற்றில் செயின்ட் லூயிஸ் அணி எடுத்தது. பிறகு பாருங்கோ, கலமசூவில் இரண்டு படி கீழே ஈ.சி.எச்.எல்., சிக்காகோவில் ஒரு படி கீழே ஏ.எச்.எல்., ஒரு சீசன் பாஸ்டனின் பிள்ளை அணியான பிராவிடன்ஸுக்கு இரவல். இரவல் போன கோலியை யார் நினைப்பார்கள்? 2019 ஜனவரி 7, 25 வயதில்தான் என்.எச்.எல்.-இல் முதல் தரம் தொடக்கத்தில் இருந்து நின்றார். 3-0, ஒரு கோலும் விடவில்லை. அதற்குச் சில நாள் முன்னால் அணி கடைசி இடத்தில் கிடந்தது. ஜூனில் அதே ஆள் என்.எச்.எல். சம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினார். எட்டு வருடம், தங்கச்சி.

நான்: எட்டு வருடம் 😟

சின்னண்ணை: பயப்படச் சொல்லவில்லை. பொறுத்தால் வரும் என்கிறேன். ஏ.எச்.எல். என்றால் சின்ன லீக் என்று ஒதுக்காதேங்கோ, மேலே விளையாடுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த வழியால் வந்தவர்கள்தான்.

அத்தான்: எல்லாம் சரி. தோழன்?

சின்னண்ணை: அத்தான், என்னை மாவட்ட வொலிபோல் தெரிவுக்குக் கூப்பிட்ட அன்றைக்கு ஐயா டியூஷனுக்கு அனுப்பினார். நீங்கள்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். டியூஷனுக்கு.

பெரியக்கா: இன்னும் அதை வைத்திருக்கிறாயா

சின்னண்ணை: வைத்திருக்கிறேன் அக்கா

அம்மா யாழ்ப்பாணம்: ஐயா பாவம். சண்டை வேண்டாம் இன்றைக்கு.

கலியாணப் பொம்பிளை: இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். அவன் போகட்டும் சித்தி. நான் அவனுக்குச் சின்னனில் பந்து எறிந்து பழக்கினேன், என் கலியாணத்துக்காக அவன் நின்றால் எனக்குத்தான் கவலை.

அத்தான்: நீ சும்மா இரு பிள்ளை.

கலியாணப் பொம்பிளை: அப்பா

மச்சாள்: எங்கட சின்னவன் தோழனாக நிற்கலாமே

பெரியக்கா: அவன் மச்சான் முறை அல்லவா, எப்படி?

மச்சாள்: ஓம் ஓம் மறந்துவிட்டேன்

நான்: குட்டன் சொல்கிறான், வெள்ளி இரவு ஆட்டம் முடிந்து காரில் வந்தால் விடிய வந்துவிடலாமாம். தாலி கட்டியதும் திரும்பிப் போகலாமாம். நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம்.

சின்னண்ணை: நான் ஓட்டுகிறேன். ஆனால் நித்திரை இல்லாமல் கோலில் நிற்பது எப்படி?

அத்தான்: முதலில் பயிற்சியாளரிடம் கேளுங்கோ, சனிக்கிழமை காலை விடுவாரா என்று. மரியாதையாக எழுதிக் கேட்டால் சொல்வார்.

நான்: இன்றைக்கே எழுதச் சொல்கிறேன் அத்தான்

அத்தான்: முகூர்த்தம் 10:20. அதற்குள் வந்தால் போதும். வராவிட்டால் பிறகு பார்ப்போம்.

பெரியக்கா: வேட்டிக்கு இடுப்பளவு அனுப்பு. கால் மொத்தம் கூடிவிட்டது அவனுக்கு

அம்மா யாழ்ப்பாணம்: நாளைக்குத் தீர்த்தம். குட்டன் பேரில் அர்ச்சனை செய்கிறேன். நட்சத்திரம் பூசமா பூரமா?

நான்: பூரம் அம்மா