வெட்டிய புல்லைக் குவித்தால் நாறுகிறது, என்ன செய்வது?

வேலியோரம்:
வீட்டுப் பின்பக்கப் புல்தரையை மழைக்காலத்தில் அடிக்கடி வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டியதை எல்லாம் மூலையில் ஒரே குவியலாகப் போட்டு வருகிறேன், தானாக மக்கிவிடும் என்று சொன்னார்கள். மேலே பார்த்தால் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் குச்சியை விட்டுக் கிளறினால் உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பிசுபிசுவென்று கட்டிக்கிடக்கிறது, பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம், கை வைத்தால் சூடு வேறு. இது போக உதிர்ந்த இலை, கத்தரித்த கிளை, பிடுங்கிய களை எல்லாம் தனியே கிடக்கின்றன. குப்பை வண்டிக்காரர்கள் இதையெல்லாம் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். கொளுத்திவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், எனக்கு அதில் இஷ்டமில்லை. வேறு வழி இருக்கிறதா?

மண்புழு:
கொளுத்தாதீர்கள். ஈரக் குப்பை சரியாக எரியாது, புகைதான் கிளம்பும், அந்தப் புகையிலுள்ள நுண்துகள் நேராக நுரையீரலுக்குப் போகும். நிறைய ஊர்களில் சட்டப்படியும் தடை.

நாற்றத்துக்கு வருவோம். பச்சைப் புல்லின் எடையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர். குவித்துப் போட்டால் தன் பாரத்திலேயே அமுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் காற்று போக வழி ஏது? காற்றில்லாத இடத்தில் பெருகும் நுண்ணுயிரிகள்தான் அழுகல் நாற்றத்தைக் கிளப்புகின்றன. கூடவே புல்லில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகம். மக்குவதற்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நல்லது, பச்சைப் புல்லில் அது 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். மிஞ்சுகிற நைட்ரஜன் அமோனியாவாக வெளியேறுகிறது, மூக்கில் சுருக்கென்று ஏறுவது அது. காய்ந்த சருகில் கார்பன் ஏராளம், ஆனால் அதை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். உங்களிடம் இரண்டுமே இருக்கிறது, தனித்தனியாக வைத்திருப்பதுதான் சிக்கல்.

குவியலைப் பிரித்து வெயிலில் பரப்பி ஒரு நாள் உலர விடுங்கள். பிறகு கூடைக் கணக்கில் ஒரு கூடை புல்லுக்கு இரண்டு கூடை சருகு என்று கலந்து போடுங்கள், அடுக்கடுக்காக வைத்துவிட்டு அப்படியே விட்டால் புல் மறுபடி பாயாகப் படிந்துவிடும். சருகு தீர்ந்துபோனால் கிழித்த அட்டைப்பெட்டி போதும், பிளாஸ்டிக் டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள். கத்தரித்த கிளைகளை விரல் நீளத்துக்கு நறுக்கி அடியில் போட்டால் காற்று ஏறும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் இருந்தால் சூடு நன்றாகப் பிடிக்கும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள், ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி, வழிந்தால் இன்னும் சருகு வேண்டும்.

நிழல்தரு:
எனக்கு ஒன்று புரியவில்லை, எதற்காகப் புல்லை வாரவே வேண்டும்? வெட்டிய இடத்திலேயே விட்டுவிடலாமே. நுனிப்புல் சிறிதாக இருந்தால் சில நாளில் தரையோடு போய்விடும், புல்தரைக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை அதிலிருந்தே கிடைக்கும். இரண்டே நிபந்தனை, புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு தடவையில் வெட்டக் கூடாது, ஈரத்தில் வெட்டக் கூடாது. விட்டால் தரையில் மெத்தை மாதிரி அடை கட்டிவிடும் என்று பயமுறுத்துவார்கள். அந்த அடை வருவது தண்டு, வேரின் கெட்டியான நாரிலிருந்து, சீக்கிரம் மக்கிப்போகும் இலை நுனியிலிருந்து அல்ல. வளர விட்டு மொத்தமாக வெட்டும்போதுதான் வார வேண்டி வரும்.

கோரைப்பகை:
களையை மட்டும் யோசித்துப் போடுங்கள். கோரைக் கிழங்கும் அருகம்புல்லின் கொடியும் குவியலில் சாகாது, ஓரமெல்லாம் சூடு குறைவு, அங்கே உட்கார்ந்து முளைக்கும். அவற்றை ஒரு வாளித் தண்ணீரில் முழுக அமுக்கி, அழுகும்வரை வாரக்கணக்கில் ஊற வைத்துவிட்டு அப்புறம் குவியலில் போடலாம். விதை பிடித்த களையென்றால் குவியலின் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நிற்க வேண்டும், கிளறிக் கிளறி எல்லாப் பகுதியும் நடுவுக்கு வந்து போக வேண்டும். அந்த அளவுக்குப் பொறுமை இல்லையென்றால் விதை பிடிக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.

புல்தரைக்குக் களைக்கொல்லி அடிப்பதுண்டா? குளோபைரலிட், அமினோபைரலிட் வகை மருந்துகள் மக்கிய பிறகும் உரத்தில் தங்கி நிற்கும், அந்த உரத்தைப் போட்ட தக்காளி, அவரைச் செடிகளின் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும்.

வேலியோரம்:
மருந்து எதுவும் அடிப்பதில்லை. சரி, இனி தரையிலேயே விடுகிறேன், மிஞ்சுவதைச் சருகோடு கலக்கிறேன். கொஞ்சத்தைச் செடிகளின் அடியில் மண்ணை மூடும் மூடாக்காகப் போடலாமா?

மண்புழு:
தாராளமாக. காய்ந்த புல்லைப் போடுங்கள், பச்சையாகப் போடுவதானால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், அது வாடிய பிறகு அடுத்த அடுக்கு. தடிமனாகப் போட்டால் மேலே பாய் விரித்தது போல் இறுகி மழைத்தண்ணீரைக் கூட உள்ளே விடாது. தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் காலியாக இருக்கட்டும், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும்.