குழந்தை கட்டிக்கொள்ளும்போது எங்கள் நாய் கொட்டாவி விடுவது ஏன்?

கேள்வி (பாபநாசம் அருகிலிருந்து):
வணக்கம். எங்கள் வீட்டில் மணி என்ற மூன்று வயது நாட்டு நாய் இருக்கிறான். பொங்கலுக்கு வந்திருக்கும் அண்ணன் மகளுக்கு ஆறு வயது. அவள் இவன் கழுத்தைக் கட்டிக்கொண்ட போதெல்லாம் இவன் கொட்டாவி விட்டான், மூக்கை நக்கினான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். தூக்கக் கலக்கம் என்றே எண்ணியிருந்தோம். மூன்றாம் நாள் மெல்ல உறுமியதும் அப்பா அதட்டிவிட்டார். அன்று முதல் குழந்தையைக் கண்டாலே மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுகிறான். யாரையும் கடித்ததில்லை. குழந்தையை இவனிடம் நம்பி விடலாமா?

பதில் 1 (மன்னார்குடியிலிருந்து):
இப்போதைக்குப் பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் விட வேண்டாம். மணி கெட்ட நாய் என்பதால் இதைச் சொல்லவில்லை. அவன் மூன்று நாள் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தது யார் காதிலும் விழவில்லை என்பதால் சொல்கிறேன். படுத்து எழுந்ததும் விடும் கொட்டாவி வேறு, கழுத்தில் கை விழுந்ததும் விடும் கொட்டாவி வேறு. சோறு எதிரில் இல்லாதபோது மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பியபடியே கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியப் பார்ப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, நனையாமலே உடலை உதறுவது ஆகியவை சேர்ந்து வந்தால் அவனுக்கு அந்த இடம் ஒப்பவில்லை என்று கொள்ளலாம். வாலாட்டுகிறானே என்று ஏமாறவும் வேண்டாம். உடல் விறைத்திருக்க வால் மட்டும் ஆடினால் அது மகிழ்ச்சி ஆகாது. உறுமலை அதட்டி அடக்குவதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. அச்சம் உள்ளே இருக்க எச்சரிக்கை மட்டும் நின்றுபோனால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும்.

பதில் 2 (திருவையாற்றிலிருந்து):
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் குழந்தைதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இது சம்பா அறுவடைக் காலம். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும் நாள்களில் எங்கள் நாய் பத்தாயத்துக்குப் பின்னால் ஒடுங்கிவிடும். பனிக் காலையிலும் மூச்சிரைக்கும். நாய்க்கு உள்ளங்காலில் வியர்க்கும் என்பதால் சிமெண்டுத் தரையில் ஈரச்சுவடுகூடத் தெரியும். அந்தப் பதற்றத்தோடு இருக்கும் நாயால் வழக்கமான கொஞ்சலையும் தாங்க முடியாது. இன்னொன்று, கழுத்தைத் தொட்டால் விலகுகிறான் என்பதால் காதை முகர்ந்து பாருங்கள். துர்நாற்றமோ சீழோ இருந்தால் வலியாகத்தான் இருக்கும். உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடமோ ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ காட்டலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இடது காதில் நாற்றம் இருக்கிறது. நாளைக் காலை மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். கொட்டிலில் ஒரு மூலையில் சாக்கு விரித்து, அவன் அங்கே படுத்திருக்கையில் யாரும் போகக் கூடாது என்று குழந்தையிடம் சொல்லிவிட்டேன். இன்று மாலை அவள் திண்ணையில் அமர்ந்தபடியே கூப்பிட்டாள். அவன் வந்து அவள் கையை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனான். அவளும் பின்னால் போகவில்லை.